உவமை நன்று

ஜூலை 6

அக்காவுக்கு,

நலமா என்று கேட்டு ஒரு வரியை வீணாக்கப் போவதில்லை. நேராகச் சண்டைக்கு வருகிறேன்.

என் மகள் சில்வண்டு உன் வகுப்பில்தானே படிக்கிறாள்? நீ அவளுக்கு அத்தை மட்டுமல்ல, மூன்றாம் வகுப்பு டீச்சரும்கூட. அவள் எனக்குப் போட்ட கடிதத்தை ஒரு தடவையாவது பார்த்தாயா?

இங்கே மலையைக் குடைந்து சாலை போடுகிறார்கள். எங்கள் தகரக் கொட்டகையில் எட்டுப் பேர். போன் பேசக் கடைக்குப் போனால், பின்னால் வரிசையில் நிற்கிறவன் கழுத்தில் மூச்சு விடுகிறான். அதனால் கடிதம்தான் எங்களுக்கு எல்லாம். விடுமுறை அன்று சாப்பிட்டு முடித்ததும், வந்த கடிதங்களைச் சத்தமாகப் படிப்பது இங்கே வழக்கம். எல்லோருக்கும் கடிதம் வருவதில்லை, அதனால் வந்தது எல்லோருக்கும் பொது. போன வாரம் சில்வண்டின் கடிதத்தை கிரேன்காரர் கையில் எடுத்தார். அவர் குரல் மலைக்கு அந்தப் பக்கம் வரை கேட்கும்.

"அப்பா, நீ பஸ்ஸுக்குப் பின்னாடி போய் அழுத. மூக்கை சட்டைல தொடச்ச. நான் பாத்துட்டேன். அம்மாகிட்ட சொல்லல. அத்தைகிட்ட மட்டும் சொன்னேன்."

அதற்கு மேல் படிக்க விடவில்லை, அப்படி ஒரு சிரிப்பு. ஃபோர்மேன் என்னை 'மூக்கு' என்றுதான் கூப்பிடுகிறார். வெல்டிங் மெஷினை என் பக்கம் தள்ளும்போது, "மூக்கு, சட்டை பத்திரம்" என்கிறார். கடிதத்தின் மீதிப் பகுதிக்குத் தலையும் இல்லை, வாலும் இல்லை. நாய் குட்டி போடப் போகிறதாம், நடுவில் யாரோ வாந்தி எடுத்தார்களாம், மறுபடியும் நாய்.

பெரியவர்களுக்கு எதை எழுதலாம், எதை எழுதக் கூடாது என்று நீதான் சொல்லித்தர வேண்டும். வேறு யார் இருக்கிறார்கள்?

மானம் போன தம்பி


ஜூலை 15

தம்பிக்கு,

உன் மூக்குக்கு நேர்ந்த அவமானத்தை அறிந்து வருந்தினேன். சிரிக்கவும் செய்தேன், அதை மறைக்க மாட்டேன்.

ஆனால் 'நீதான் சொல்லித்தர வேண்டும்' என்று எழுதியிருக்கிறாயே, அது சுருக்கென்று தைத்தது. அந்தக் கடிதத்தை உன் மகள் வீட்டில் எழுதி, தானே உறையில் போட்டு ஒட்டியிருக்கிறாள். என் பார்வைக்கு வரவில்லை. வந்திருந்தால் உன் மூக்கு தப்பியிருக்கும். என் வகுப்பிலிருந்து தலையும் வாலும் இல்லாத தாள் ஒன்றும் வெளியே போனதில்லை என்று தலைமையாசிரியையே சொல்வார்.

உன் புகாரிலிருந்து எனக்கு ஒரு யோசனை வந்தது. இனி கடிதம் எழுதுவதையே வகுப்பில் பயிற்சியாக வைக்கப் போகிறேன். ஒவ்வொரு பிள்ளையும் வெளியூரில் இருக்கும் ஒருவருக்கு எழுத வேண்டும். நான் தலைப்பு தருவேன். என்னென்ன வர வேண்டும் என்று கரும்பலகையில் குறிப்பு போடுவேன். ரஃப் நோட்டில் எழுதிக் காட்டினால் திருத்தித் தருவேன். திருத்தியதைக் கோடு போட்ட தாளில் அழகாகப் பெயர்த்து எழுதினால், அது தபாலுக்குப் போகும்.

முதல் தலைப்பு 'என் பள்ளி'. உன் மகள் முதலில் எழுதியது முழுக்கக் கழிப்பறைத் தாழ்ப்பாளைப் பற்றி. அடித்துவிட்டேன். கொஞ்சம் முறைத்தாள். அவளுக்கு வாய் அதிகம் என்று உனக்குத் தெரியும், அது எழுத்திலும் வருகிறது. சரியாகிவிடும்.

அக்கா


ஆகஸ்ட் 9

அக்காவுக்கு,

நீ ஜெயித்தாய். ஒப்புக்கொள்கிறேன்.

கடிதம் வந்தது. கிரேன்காரர்தான் படித்தார். "அன்புள்ள தந்தையார் அவர்களுக்கு, தங்கள் அன்பு மகள் எழுதிக்கொள்வது. எங்கள் பள்ளி காற்றோட்டமானது. ஆசிரியர்கள் கனிவானவர்கள்." கொட்டகையில் சத்தமே இல்லை. முடித்ததும் ஃபோர்மேன் தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எட்டு வயசுப் பொண்ணா? பெரிய ஆபீசர் எழுதுன மாதிரி இருக்கே" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அன்றைக்கு யாரும் மூக்கைப் பற்றிப் பேசவில்லை.

'கனிவானவர்கள்' என்று எழுதியது நீதானே? உண்மையைச் சொல்.

இரண்டு விஷயம். ஒன்று, அந்த நாய் என்ன ஆயிற்று? குட்டி போட்டதா? அவள் எழுதவே இல்லை, இங்கே இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். இன்னொன்று, அவள் கடிதத்தின் கடைசியில் என் மனைவி எப்போதும் நாலு வரி எழுதுவாள். இந்த முறை இல்லை. கோபமா?

தம்பி


ஆகஸ்ட் 20

தம்பிக்கு,

உன் மனைவிக்குக் கோபம் ஒன்றும் இல்லை. சலவைக் கடையில் இஸ்திரி வேலை கூடிவிட்டது, வந்ததும் படுத்துவிடுகிறாள். மாடியிலிருந்து நான் பார்க்கும்போதெல்லாம் கீழே விளக்கு அணைந்திருக்கிறது. "எழுத உக்காந்தா கோடு நெளியுது அண்ணி, அசதி" என்றாள். நாய் நான்கு குட்டி போட்டது. அது 'என் பள்ளி'க்குள் எப்படி வரும், நீயே சொல்.

'கனிவானவர்கள்' என்பது கரும்பலகைக் குறிப்பில் இருந்தது. முப்பத்திரண்டு பேரும் எழுதினார்கள். அதில் உனக்கு என்ன கேலி?

இப்போது 'என் வீடு' நடக்கிறது. இதில் உன் மகள் செய்ததைக் கேட்டால் நீயும் ரசிப்பாய். வீட்டில் எத்தனை அறைகள், யார் யார் இருக்கிறார்கள் என்றெல்லாம் குறிப்பு போட்டிருந்தேன். இவள் நடுவில் இப்படி எழுதுகிறாள்: "அம்மா கண்ணுல பொறி பறக்குது, அப்பா வெல்டிங் வைக்கிற மாதிரி. ஓரமா பறக்குது. அம்மா கண்ணை மூடினாலும் பறக்குது." கற்பனையைப் பார்த்தாயா! அம்மா கோபப்படுவதை இந்த வயதில் இப்படிச் சொல்ல யாருக்கு வரும்? அதை வீணாக்க மனமில்லாமல், ஓரத்தில் 'உவமை நன்று. தலைப்புக்கு வெளியே' என்று எழுதிவிட்டு அந்த வரிகளை அடித்தேன். பதிலாக, குறிப்பில் இருந்தபடி 'எங்கள் வீட்டில் எல்லோரும் நலம்' என்று போடச் சொன்னேன். நோட்டோடு என் மேஜைக்கு வந்து, "இது நெஜம் அத்தை" என்றாள். வகுப்பில் 'டீச்சர்' என்று கூப்பிட வேண்டும் என்று திருத்தி அனுப்பினேன்.

எங்கள் கடிதங்களை இன்னொரு படி எழுதவைத்து மண்டபத்தில் கண்காட்சியாக வைக்கப் போவதாகத் தலைமையாசிரியை சொன்னார். என் கால் தரையில் இல்லை.

அக்கா


செப்டம்பர் 2

அக்காவுக்கு,

வேலை நெருக்கம், அதனால் இரண்டே வரி. 'என் வீடு' வந்தது. எல்லோரும் நலம் என்று அறிந்தேன். உன் கடிதத்தையும் கொட்டகையில் படித்தேன், பொறி பறக்கிற இடம் வந்ததும் ஒரே சிரிப்பு. "வெல்டர் வீட்டுல கண்ணுல பொறி பறக்காம பூவா பறக்கும்" என்றார் கிரேன்காரர். அவள் அம்மாவிடம் சொல், கோபத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளச் சொல்.

'மூக்கு' போய்விட்டது. இப்போது என் பெயர் 'கவிஞர்'.

தம்பி


அக்டோபர் 24

தம்பிக்கு,

நீ வந்தாய், மருத்துவமனையில் இருந்தாய், திரும்பிப் போனாய். மாடிப்படி ஏறவில்லை. நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கீழே இறங்கி வர எனக்கு முகம் இல்லை.

உனக்குத் தெரிந்ததைத் திரும்பச் சொல்லவில்லை. நீ வருவதற்கு முன் நடந்ததை மட்டும் எழுதுகிறேன். வேறு யாராவது சொல்லி நீ கேட்பதைவிட இது மேல்.

அன்று காலை உன் மனைவி மாடிக்கு வந்தாள். வலது கண்ணில் பாதி வரை கறுப்புத் திரை இறங்கிவிட்டது என்றாள். அவள் அப்படிச் சொன்ன பிறகும் எனக்குப் புரியவில்லை, சாப்பிட்டாயா என்று கேட்டேன். மருத்துவர் பார்த்துவிட்டு, விழித்திரை கிழிந்து பிரிந்துவிட்டது, உடனே அறுவை செய்ய வேண்டும், ஆனால் பார்வை எவ்வளவு திரும்பும் என்று சொல்ல முடியாது என்றார். "இதுக்கு முன்னாடி கண்ணுல மின்னல் மாதிரி, பொறி மாதிரி ஏதாவது தெரிஞ்சுதா? அப்பவே வந்திருந்தா சின்னக் கிழிசலா இருக்கும்போதே லேசர் வச்சு ஒட்டியிருக்கலாமே" என்று கேட்டார். உன் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். "அசதின்னு நெனச்சேன் டாக்டர்" என்றாள்.

உன் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். என்னை நிமிர்ந்து பார்த்து, "நான்தான் எழுதினேனே" என்றாள்.

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். குறிப்பில் இருப்பதை எழுதியாகிவிட்டது, ஏன் மதிப்பெண் போடவில்லை என்று கேட்கிற குரலில் கேட்டாள். மருத்துவர் என்னைப் பார்த்தார். நான் அவளுடைய டீச்சர் என்று அவருக்குச் சொல்லவில்லை. அத்தை என்று மட்டும் சொன்னேன்.

அதை நான் படிக்காமல் விடவில்லை, தம்பி. எழுத்துப் பிழை பார்த்தேன், வாக்கியம் பார்த்தேன், உவமை பார்த்தேன். அவள் எனக்கு ஒரு சேதி சொல்கிறாள் என்று மட்டும் தோன்றவே இல்லை. இருபது வருடமாக நோட்டுத் திருத்துகிறேன், அதிலெல்லாம் பிள்ளைகள் என்னென்ன சொன்னார்களோ. நினைத்தால் கூசுகிறது.

உன் மனைவி என்னைத் திட்டவில்லை. "நானும்தானே சொல்லாம இருந்தேன் அண்ணி" என்கிறாள். அவள் திட்டினால் நன்றாக இருக்கும்.

அக்கா


நவம்பர் 10

அவள் எழுதினாள். நீ அடித்தாய். இதற்கு மேல் உனக்கும் எனக்கும் பேச்சில்லை என்றுதான் இருந்தேன்.

ஆனால் நேற்று அவளிடமிருந்து கடிதம் வந்தது. முழுசாகத் தருகிறேன், படித்துப் பார். "அன்புள்ள தந்தையார் அவர்களுக்கு, எல்லோரும் நலம். தாங்கள் நலமா? இப்படிக்கு, தங்கள் அன்பு மகள்." எழுத்து முத்து முத்தாக இருக்கிறது. அம்மாவுக்கு ஒரு கண் போய்விட்டது, இவள் எல்லோரும் நலம் என்கிறாள்.

நான் அங்கே இருந்த நாட்களிலும் அப்படித்தான் இருந்தாள். வாயைத் திறந்தால் மூட மாட்டாள் என்று சில்வண்டு என்று பெயர் வைத்த பிள்ளை. நான் ஏதாவது கேட்டால், சரியான விடை எது என்று என் முகத்தைப் பார்த்துவிட்டு அதைச் சொன்னாள். பெத்த அப்பன் முன்னால் பரீட்சை எழுதுகிறாள். அவளை அப்படி ஆக்கி வைத்திருக்கிறாய்.

உன் வகுப்பிலிருந்து அவளை எடுத்துவிடு. இனி அவளுக்கு நீ ஒரு எழுத்தும் சொல்லித்தர வேண்டாம்.


நவம்பர் 21

தம்பிக்கு,

நீ கேட்டதை மறுநாளே செய்தேன். தலைமையாசிரியையிடம் போய் என் தம்பி மகளை வேறு வகுப்புக்கு மாற்றச் சொன்னேன். மூன்றாம் வகுப்புக்கு வேறு பிரிவே இல்லை என்று எனக்கும் தெரியும், இருந்தும் கேட்டேன். ஏன் என்றார். சொன்னேன். அவர் மேஜையில் இருந்த பேனாவை எடுத்து மூடி போட்டு வைத்தார். பிறகு, "கண்காட்சிய எடுத்துடலாமா?" என்று மட்டும் கேட்டார். நானே போய்க் கழற்றினேன். முப்பத்திரண்டு தாளிலும் 'எல்லோரும் நலம்'.

கழற்றும்போதுதான் ஒன்று உறைத்தது. உன் மகள் மட்டுமல்ல. வகுப்பில் எல்லோரும் ஒரு கையால் தாளை மறைத்துக்கொண்டுதான் எழுதுகிறார்கள். ஒரு வரி எழுதியதும் என் முகத்தைப் பார்க்கிறார்கள். தெரியாத சொல் வந்தால் அதை விட்டுவிட்டுத் தெரிந்த சொல்லுக்கு ஏற்றபடி விஷயத்தையே மாற்றிவிடுகிறார்கள். தையல்காரர் மகள் 'ஒட்டகச்சிவிங்கி பார்த்தேன்' என்று எழுத வந்து, 'பசு பார்த்தேன்' என்று எழுதினாள். பசு எதற்கு என்று கேட்டேன். "பசுவுல தப்பு வராது டீச்சர்" என்றாள். இதைத்தான் நான் சுத்தமான எழுத்து என்று பெருமையடித்துக்கொண்டிருந்தேன்.

சிவப்புப் பேனாவை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறேன். காலையில் முதல் வேலையாக எல்லோரும் எதை வேண்டுமானாலும் எழுதலாம், நான் திருத்த மாட்டேன் என்றேன். யாரும் நம்பவில்லை. தலைப்பு என்ன என்று கேட்டார்கள். இல்லை என்றேன். எத்தனை வரி என்றார்கள். முதல் நாள் பாதிப் பேர் பென்சிலைச் சீவிக்கொண்டே இருந்தார்கள். பிறகு நானும் அவர்களோடு கரும்பலகையில் எழுதத் தொடங்கினேன். முன்யோசனை இல்லாமல் எழுதிப் பார், தம்பி, அவ்வளவு சுலபமில்லை. இரண்டு வரியை அழித்தேன். "டீச்சருக்கும் தப்பு வருது" என்று பின்னாலிருந்து ஒரு குரல், அதில் அப்படி ஒரு சந்தோஷம். அதற்கப்புறம்தான் பென்சில்கள் தாளில் இறங்கின.

எழுதியவர் விரும்பினால் நின்று வாசிக்கலாம். கேட்கிறவர்கள் நன்று, நன்றில்லை என்று சொல்லக் கூடாது, தெரிந்துகொள்ள வேண்டியதைக் கேட்கலாம். எனக்கும் அதே விதி. நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஒட்டகச்சிவிங்கி நான்கு எழுத்துப் பிழையோடு திரும்பி வந்துவிட்டது. எழுத்துப் பிழைகளை அப்புறம், தனியாக, அவர்களே கேட்டால் பார்க்கிறோம். கேட்கவும் செய்கிறார்கள்.

உன் மகள் தினமும் எழுதுவது ஒரே வரி. 'எல்லோரும் நலம்.' எழுதிவிட்டு நோட்டை மூடிவிடுகிறாள். நான் ஒன்றும் சொல்வதில்லை. சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

அக்கா


டிசம்பர் 14

அக்காவுக்கு,

இதை நாலு தடவை எழுதிக் கிழித்தேன். எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்.

கொட்டகையை மாற்றுகிறார்கள். பெட்டியைக் காலி செய்தபோது உன் பழைய கடிதங்கள் கையில் வந்தன. அடுப்பில் போட எடுத்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆகஸ்ட் கடிதத்தில் கண் ஓடியது. 'கண்ணை மூடினாலும் பறக்குது.' 'கோடு நெளியுது அண்ணி.' இரண்டும் ஒரே தாளில். நீ அடித்துவிட்ட வரியை எனக்கு முழுசாக எழுதி அனுப்பியிருக்கிறாய். நான் படித்திருக்கிறேன். அதை எடுத்துக் கொட்டகைக்கே வாசித்துச் சிரித்திருக்கிறேன். அவள் அம்மாவைக் கோபத்தைக் குறைத்துக்கொள்ளச் சொல் என்று வேறு எழுதினேன்.

நான் வெல்டர், அக்கா. கறுப்புக் கண்ணாடித் தகடு இல்லாமல் ஒரு நிமிஷம் பார்த்துவிட்ட பையன் முதுகில் நானே அடித்திருக்கிறேன். மெஷினை நிறுத்தின பிறகும் கண்ணில் பொறி தெரிந்தால், அன்றைக்கே டாக்டரிடம் ஓடணும் என்பது இங்கே புதுசாகச் சேர்கிறவனுக்கு முதல் பாடம். அதைச் சொல்லிக்கொடுப்பது நான். உனக்காவது தெரியாது. எனக்குத் தெரியும். ஊர் சிரிக்கிற கடிதம் வேண்டாம், பெருமைப்படுகிற கடிதம் வேண்டும் என்று கேட்டு வாங்கினவனும் நான்தான்.

நவம்பரில் உன்னை அப்படிக் கரித்துக்கொட்டினேனே, அப்போது ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா? 'உனக்கும்தானே எழுதினேன்' என்று. உனக்கு ஞாபகம் இல்லாமல் இருக்காது. நீ எதையும் மறக்கிறவள் இல்லை. ஏன் எழுதவில்லை என்று நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். வெட்கமாக இருக்கிறது. திட்டு வாங்கினதைவிடத் திட்டு வாங்காதது இவ்வளவு சுடும் என்று தெரியாது.

இந்த உறைக்குள் இன்னொரு உறை இருக்கிறது. சில்வண்டுக்கு. அவள் எழுதியதை நானும் படித்தேன், படித்துவிட்டுச் சிரித்தேன் என்று அவளுக்கு எழுதியிருக்கிறேன். அவள் அம்மாவிடம் போனில் அழுதுகொண்டே சொல்லிவிட்டேன், வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் கேட்டார்கள். பிள்ளையிடம் எழுதுவதுதான் கஷ்டமாக இருந்தது. என் எழுத்தில் நிறையத் தப்பு இருக்கும். திருத்தாமல் கொடு.

தம்பி


ஜனவரி 19

தம்பிக்கு,

உறையைப் பிரிக்காமல் கொடுத்தேன். படிக்கட்டில் உட்கார்ந்து படித்தாள். படித்து முடித்ததும் மறுபடியும் முதலிலிருந்து படித்தாள். மாடியில் நின்று நான் துணி உலர்த்துவதுபோலப் பாவனை செய்துகொண்டிருந்தேன். கூடையில் ஒரு துணியும் இல்லை. நிமிர்ந்து, "அப்பாவும் சிரிச்சாராம்" என்றாள். நான் தலையாட்டினேன். கடிதத்தை அம்மாவிடம் எடுத்துப் போனாள். உள்ளே அவள் சத்தமாகப் படித்துக் காட்டுவது கேட்டது. வெகு நாளைக்குப் பிறகு அந்த வீட்டில் அவள் குரலைக் கேட்டேன்.

நீ கேட்டதற்குப் பதில். எனக்கு ஞாபகம் இருந்தது. உன்னுடைய நவம்பர் கடிதம் வந்த அன்றே எழுத உட்கார்ந்தேன், 'உனக்கும்தானே' என்று தொடங்கவும் செய்தேன். அப்புறம், நீ அங்கே தனியாக இருக்கிறாய், அதையும் உன் தலையில் போட்டால் யாரிடம் போய்ச் சொல்வாய் என்று நிறுத்திவிட்டேன். இதைப் பெருந்தன்மை என்று எடுத்துக்கொள்ளாதே. என் குற்றத்தைப் பங்கு போட்டால் அது குறைந்துவிடும், குறைத்துக்கொள்ள எனக்குத் தகுதி இல்லை என்றும் தோன்றியது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரம், காலை எழுத்து நேரத்தில் உன் மகள் நோட்டை மூடவில்லை. மற்றவர்கள் முடித்த பிறகும் எழுதிக்கொண்டிருந்தாள். கையால் மறைக்கவில்லை. நேற்று, வாசிக்கிறேன் என்று கை தூக்கினாள்.

அவள் எழுதியிருந்தது, அம்மா கண்ணில் பொறி பறந்த அந்த நாளைப் பற்றி. அம்மா இஸ்திரிப் பெட்டியைச் சட்டைக்குப் பக்கத்தில் வெறும் மேஜைமேல் வைத்தது, ஒரு கண்ணை மூடிப் பார், பொறி தெரிகிறதா என்று அம்மா இவளைக் கேட்டது, இவள் தெரியவில்லை என்றது, "அப்போ எனக்கு மட்டும்தான்" என்று அம்மா சொன்னது. மறுநாள் வகுப்பில் அதை எழுதியது. "டீச்சர் சிவப்புப் பேனாவால கோடு போட்டாங்க. நல்லா இருக்குன்னும் எழுதினாங்க. நல்லா இருந்தா ஏன் அடிச்சாங்கன்னு எனக்குத் தெரியல. நான் தப்பா எழுதிட்டேன்னு நெனச்சேன். சரியா எழுதியிருந்தா அம்மாவுக்குக் கண்ணு போயிருக்காது." இந்த இடத்தில் பக்கத்தைத் திருப்பினாள். "இப்ப அப்பா லெட்டர் போட்டிருக்காரு. நான் சரியாத்தான் எழுதினேனாம்."

இத்தனை மாதமாக அந்தப் பிள்ளை அப்படி நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள், தம்பி. தான் ஒழுங்காக எழுதாததால்தான் அம்மாவுக்குக் கண் போயிற்று என்று. எனக்கு என் வெட்கம்தான் பெரிதாக இருந்தது. அவளைப் பிடித்து உட்கார வைத்து, தப்பு உன்மேல் இல்லை என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை. ஒரு உறையில் நீ அதைச் சொல்லிவிட்டாய்.

பிறகு, விதிப்படி, கேள்வி நேரம். தையல்காரர் மகள் எழுந்தாள். கேள்வியை உன் மகளிடம் கேட்கவில்லை, நேராக என்னைப் பார்த்தாள். "நீங்க ஏன் டீச்சர் அடிச்சீங்க?"

முப்பத்திரண்டு தலைகளும் திரும்பின. தலைப்புக்கு வெளியே இருந்தது என்று சொல்லியிருக்கலாம், அதுதான் நடந்தது. வாய் வரைக்கும் வந்தது. நாற்காலியை விட்டு எழுந்து நின்றேன், பதில் சொல்கிற பிள்ளைகள் எழுந்து நிற்க வேண்டும் என்று நான்தானே சொல்லிக்கொடுத்தேன். "அன்னைக்கு எனக்குப் படிக்கத் தெரியல" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. இன்னும் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிற பெண் ஒருத்தி உண்டு, கடைசி வரிசை, என்னிடம் அதிகம் திட்டு வாங்கியவள். அவள் உட்கார்ந்தபடியே ஆறுதலாகச் சொன்னாள்: "பரவால்ல டீச்சர். எனக்கும் மொதல்ல புரியாது. மெதுவா இன்னொரு தடவ படிச்சா புரியும்."

வகுப்பு முழுவதும் ஆமாம் என்று தலையாட்டியது. உன் மகளும் ஆட்டினாளா என்று திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அக்கா